சீமெந்து இல்லாமற் போன வருடம்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் வவுனியாவுக்குக் குடிபோய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அப்பா உன் கட்டிலில் உரப்பைகளை அடுக்கிவிட்டார். "சும்மா கிடக்கிற கட்டில்தானே, உரம் படுக்கட்டும்" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்து சாப்பிட்டபோது நீ இரண்டு விடயம் சொன்னாய். முல்லைத்தீவில் பாலர் பாடசாலைக் கட்டடம் ஒன்று உனக்குக் கிடைத்திருக்கிறது, நீயே ஆள் பிடித்து நீயே சம்பளம் கொடுத்துச் செய்யப்போகிற முதல் வேலை என்றாய். அந்தச் சந்தோசத்தில் நான் சோற்றுக் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டதை மருமகள் பார்த்துச் சிரித்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு, "அம்மா, இனி நீங்கள் வேலைக்குப் போகவேண்டாம். நான் உழைக்கிறன்தானே. இந்த வயதிலை நீங்கள் சாரத்திலை ஏறி நிக்கிறதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாய். அவளுக்கு முன்னால் உன்னோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. போனில் கதைத்தால் நீ இடையில் மறிப்பாய். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கோபம் என்று நினைத்துவிடாதே. நன்றி சொல்லவேண்டிய ஆட்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் நீயும் ஒருவன். அதை முறையாகச் சொல்லிவிட்டுத்தான் உன் கேள்விக்கு வரவேண்டும்.

நான் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து நெடுங்கேணிக்குத் திரும்பியபோது எங்கள் பக்கத்தில் கூரையோடு ஒரு வீடும் மிச்சமில்லை. பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. எல்லா வளவிலும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒவ்வொரு வளவாக எட்டிப் பார்த்து, யாருடைய சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று வந்து சொல்வாய். சாந்தகப்பையைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தால் போதும், அவன் மேசன். தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து கொட்டில் போட்டுத் தங்கி வேலை செய்தார்கள். அப்பா பழைய உழவு இயந்திரத்தில் விடிந்ததிலிருந்து மணலும் சல்லியும் ஏற்றினார். அப்படியும் ஆள் போதாமல்தான் பெண்களைக் கூப்பிட்டார்கள். நான் சூசை அண்ணையின் கூட்டத்தில் கையாளாகச் சேர்ந்தேன். மணல் அரித்து, கலவை குழைத்து, தாச்சியில் அள்ளி மேசனின் கைக்கு எட்டக் கொடுக்கவேண்டும். ஆண்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் எங்களுக்கு. யாரும் அதை ஒளித்துச் செய்யவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோல அதுவும் இருந்தது.

சூசை அண்ணையை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது உன் கலியாணத்தில் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்த மனிதரை. முல்லைத்தீவுக் கரையில் பரம்பரையாகக் கடலுக்குப் போன குடும்பம். அவருக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தாலே தலைசுற்றிச் சத்தி எடுப்பார். "ஆண்டவர் என்னைக் கரையிலை எறிஞ்சு போட்டார், நான் என்ன செய்ய, கல்லை அடுக்கிறன்" என்பார். வீட்டுத்திட்டங்கள் முடிந்து வெளியூர் மேசன்மார் எல்லாரும் போனபிறகும் அவருடைய கூட்டம் கலையவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களின் வீடு, கடை, மதில் என்று ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. அவர், ரூபன், வேறு மூன்று ஆண்கள், நான். ரூபன்தான் எங்களில் கெட்டிக்காரன். அவன் பூசிய சுவரில் தண்ணீர் ஊற்றினால் ஒரு இடத்திலும் தயங்காமல் வழிந்து போகும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

பிறகு அந்த வருடம் வந்தது. முதலில் சீமெந்தின் விலை ஏறியது. பிறகு இன்னும் ஏறியது. அதற்குப் பிறகு விலை கேட்கவும் வழியில்லை, கடையில் சீமெந்தே இல்லை. அப்பா டீசலுக்கு வரிசையில் உழவு இயந்திரத்தை விட்டுவிட்டு அதன் நிழலிலேயே படுத்துக் கிடந்தார். நாங்கள் அப்போது நெடுங்கேணிச் சந்தைக்குப் பின்னால் ஒரு ரீச்சருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். தனி ஆள், பள்ளிக்கூடத்தில் இருந்து இளைப்பாறியபோது கிடைத்த காசை எல்லாம் அந்த வீட்டில் போட்டவர். யன்னல் மட்டத்தோடு சுவர் நின்றுபோனது. அவர் பின்னேரங்களில் வந்து, கூரையில்லாத அறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்துவிட்டுப் போவார். எங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சூசை அண்ணை எங்களை அந்த வளவுக்கு வரச் சொன்னார். அங்கேயிருந்த பாலை மரத்துக்குக் கீழே கற்களின் மேல் இருந்தோம். அவர் வழக்கம்போலப் பகிடி விடவில்லை.

"கிணத்துக்கட்டு திருத்திறது, ஒழுக்கு அடைக்கிறது, இப்பிடிச் சில்லறை வேலையள்தான் இனி வரும்," என்றார். "அது ரெண்டு பேருக்குத்தான் காணும். நாங்கள் ஆறு பேர் இருக்கிறம்."

ரூபன் உடனே சொன்னான். "அப்ப நல்லா வேலை தெரிஞ்ச ரெண்டு பேர் நிக்கட்டும் அண்ணை. மற்றவை வேறை எங்கையும் பாக்கட்டும்."

"வேறை எங்கை இருக்கு? இருந்தா சொல்லு, நானும் போறன்."

ரூபன் ஒரு சல்லியை எடுத்துத் தூர எறிந்தான். சூசை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "முறை வைப்பம். ஒருநாள் ரெண்டு பேர், மற்ற நாள் வேறை ரெண்டு பேர். எல்லாற்றை வீட்டிலையும் அடுப்பு எரியவேணும். எனக்கும் அதே முறைதான்" என்றார்.

"அக்காவுக்குமோ?" என்று ரூபன் என் பக்கம் கையைக் காட்டினான். "அவா கையாள்தானே அண்ணை. மேசனுக்கே வேலை இல்லை எண்டேக்கை கையாளுக்கு என்ன முறை?"

எனக்கு எழும்பிப் போகவேண்டும்போல இருந்தது. அவன் சொன்னது பொய்யும் இல்லை. சூசை அண்ணை சத்தம் போடவில்லை. "அவா குழைச்சுத் தராட்டி நீ என்னத்தைத் தம்பி பூசுவாய், வெயிலையோ?" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரூபன் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன கையோடு கடவுச்சீட்டுக்கு அலைந்து கட்டாருக்குப் போனான். நாங்கள் மிச்சப் பேர் அந்த முறையில்தான் அந்த வருடத்தைக் கடந்தோம். வயிறு நிறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாளை மறுநாள் என் முறை என்று தெரிந்தால் இன்றைக்கு ஒரு மனுசி தலை நிமிர்ந்து தண்ணீர் அள்ளப் போகலாம். அந்த நாட்களில் சூசை அண்ணை தன் முறையை இரண்டு மூன்று தரம் எனக்கு விட்டுத்தந்தார் என்பதை அவருடைய மனைவி உன் கலியாண வீட்டில் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருடத்தில்தான் நீ வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டாய். அப்பா இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. நீ எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாய். "நான் போனால் அம்மா வீட்டிலை இருக்கலாம்" என்று நீ அப்பாவிடம் சொன்னது குசினிக்குள் எனக்குக் கேட்டது. நான் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அழுதேன். போய்ச் சேர்ந்து முதல் கதைத்தபோது, "நல்ல வேலை அம்மா, ஸ்ரோரிலை, ஏசிக்குள்ளை, சாமான் வாறதைப் பதிஞ்சுகொண்டு இருக்கிறது" என்றாய். நான் அயல் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருடம் சீமெந்து கடைக்குத் திரும்பி வந்தது. விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை, ஆனால் பை கண்ணுக்குத் தெரிந்தது. ரூபாய் விழுந்துபோனதால் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற காசு இங்கே பெரிய காசாகியது. அந்தக் காசு உள்ளவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். பார்த்தால் மேசன் இல்லை. ரூபன் கட்டாரில், ஒருவன் சவூதியில். ஒருவன் நாயாற்றில் மைத்துனனோடு இறால் தொழிலுக்குப் போனவன், "இனிச் சீமெந்தைத் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டான். இன்னொருவன் வயலோடு நின்றுவிட்டான். வேலை இருந்த காலத்தில் ஆள் இருந்தது, வேலை போனபோது ஆளும் போனது, வேலை திரும்பி வந்தபோது ஆள் வரவில்லை. மிச்சம் சூசை அண்ணையும் நானும்தான். ரீச்சர் சுவரை எழுப்பிக் கூரையும் போட்டுவிட்டார். வீடு முழுக்கப் பூச இன்னொரு மேசன் இல்லை. சூசை அண்ணை வவுனியா வரை போய்த் தேடினார். ஒரு வாரம் தேடிவிட்டு வந்து என் முன்னால் சாந்தகப்பையை நீட்டினார்.

"பிள்ளை, நீர் பூசும்."

"நானோ? விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை."

"எத்தினை வருசமாப் பக்கத்திலை நிண்டு பாத்தனீர். கலவை எப்ப இறுகும், எப்ப தேய்க்கவேணும் எண்டு எனக்கு முன்னம் நீர்தானே சொல்லுறனீர். கைதான் பழகவேணும். அது பழகும்."

பின் அறையில் தொடங்கினேன். நான் எறிந்த கலவையில் பாதி சுவரில் ஒட்டியது, பாதி என் காலடியில் விழுந்தது. ஒட்டியதும் கொஞ்ச நேரத்தில் அப்படியே பாளமாகக் கழன்று வந்தது. அந்த நேரம் பார்த்து ரீச்சர் வாசலில் வந்து நின்றார். நிலத்தில் கிடந்த கலவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ரை வீட்டிலையோ பழகிறியள்?" என்று கேட்டார். கோபம் இல்லை, அழுகைக்குக் கிட்டவான குரல். ஒவ்வொரு பையையும் அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். சூசை அண்ணை சாரத்தில் இருந்து இறங்கிவந்து, "ரீச்சர், இந்த அறை பிழைச்சால் அந்தச் சீமெந்து என்ரை பொறுப்பு. நானே திருப்பிப் பூசித் தருவன். நீங்கள் பின்னேரம் வாங்கோ" என்றார்.

பின்னேரம் அவர் வந்தார். நான் அதற்குள் அந்தச் சுவரைச் சுரண்டி, நனைத்து, முதலில் மெல்லிய கலவை எறிந்து, அது பிடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கனமாகப் பூசியிருந்தேன். தோள்மூட்டு என்னுடையது இல்லைபோல இருந்தது. ரீச்சர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெதுவாக நடந்தார். ஒரு இடத்தில் கையை எடுத்தார். "இஞ்சை கொஞ்சம் மேடு" என்றார். பிறகு, "என்ரை பழைய வீட்டிலை இதைவிடக் கூட மேடு இருந்தது. முன் விறாந்தையையும் நீங்களே பூசுங்கோ, ஆனா ஆறுதலாப் பூசுங்கோ" என்றார். மகனே, எனக்கு வாழ்க்கையில் பட்டம் தந்தவர் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் அந்த ரீச்சரைச் சொல்வேன். கையில் மிச்சமிருந்த முழுவதையும் அந்தச் சுவர்களில் போட்டவர், அதில் ஒன்றை என்னிடம் நம்பித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை சூசை அண்ணை சம்பளம் தந்தபோது கணக்குப் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். திருப்பி நீட்டினேன். "அண்ணை, கூடப் போட்டிட்டியள்."

"இல்லை. மேசன் சம்பளம் அவ்வளவுதான்."

"அது ஆம்பிளையளுக்கு."

"சுவருக்குத் தெரியுமோ, ஆர் பூசினதெண்டு?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உண்மையைச் சொன்னால் பிள்ளை, இப்ப ஆள் இல்லாத காலம். அதாலைதான் எனக்கும் இதைக் குடுக்கத் துணிவு வந்தது. முந்தியே குடுத்திருக்கவேணும்" என்றார். அவர் அந்த இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பெருமையை வைத்துக்கொண்டிருக்கலாம். சொன்னாரே, அதற்காகத்தான் அவரை உன் கலியாணத்தில் முன்வரிசையில் இருத்தினேன்.

இதை எல்லாம் நான் உனக்குச் சொல்லவில்லை. நான் வீட்டில் இருக்கவேண்டும் என்று நீ போனவன். "வீட்டிலைதான் ராசா, கோழியளோடை" என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். பிறகு அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். விறாந்தை முகட்டுக்குக் கீழே சாரத்தில் நிற்கிறேன், போன் அடிக்கிறது, உன் பெயர். நீ அந்த நேரம் அழைப்பதில்லை, ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று பயந்து, கலவைக் கையோடு விரலால் தட்டினேன். அது வீடியோ அழைப்பு. உன் முகம் வந்தது, தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் துவாய், முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. உனக்குப் பின்னால் இரும்புக் குழாய்களும் வெறும் ஆகாயமும். தவறுதலாகக் கைபட்டு அழைத்துவிட்டதாகப் பிறகு சொன்னாய்.

"அம்மா, எங்கை நிக்கிறியள்?"

"நீ எங்கை நிக்கிறாய்?"

"உங்கடை முகத்திலை என்ன சீமெந்து?"

"உன்ரை ஸ்ரோருக்கு முகடு இல்லையோ?"

பிறகு நீதான் முதலில் சிரித்தாய். அந்தச் சிரிப்பு நிற்காமல் கண் கலங்கும்வரை போனது. கீழே நின்ற சூசை அண்ணை, "என்ன பிள்ளை, ஆருக்கு என்ன?" என்று பதறிக் கேட்டார். "ஒண்டுமில்லை அண்ணை, மகன் வேலையிலை நிக்கிறான்" என்றேன். மூன்று மாடி உயரத்தில் எனக்காக நீ அந்த வெயிலைக் குடித்தாய் என்று அன்றைக்குத்தான் தெரியும். அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெளியில் போய் உழவு இயந்திரத்தைத் தேவையில்லாமல் கழுவிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய காசில் அதன் சில்லுகளை மாற்றினோம், கிணறு ஆழப்படுத்தினோம், உன் கலியாணத்தைக் கடனில்லாமல் செய்தோம். அதற்கான நன்றியை நான் உனக்கு நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. தாய் மகனுக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. கடிதத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நன்றி, ராசா.

ரூபன் திரும்பி வந்தது நீ வருவதற்குக் கொஞ்சம் முன். கட்டாரில் பெரிய கட்டடங்கள் முடிந்ததும் அவனுடைய கூட்டத்தை அனுப்பிவிட்டார்கள். ஒரு காலை சூசை அண்ணையின் வேலைத்தளத்துக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றான். கூப்பிடாமல் உள்ளே வர அவனுக்கு முகமில்லை. சூசை அண்ணை நிமிர்ந்து பார்த்து, "கட்டார் வெயில் காணாதெண்டோ அங்கை நிக்கிறாய்? வந்து சாரத்திலை ஏறு" என்றார். சாரத்தில் அந்தப் பக்கம் நான் நின்றேன். அவன் நான் பூசிய பாதியைக் கையால் தடவிப் பார்த்தான். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே வேகத்திலை போனால்தான் நடுவிலை பொருத்துத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ, நான் உங்களோடை வாறன்" என்றான். நான் எண்ணி எண்ணி வைத்திருந்த மறுமொழி எல்லாம் அந்த நிமிடத்தில் கரைந்துபோனது. மத்தியானம் என் சோற்றில் அவனுக்கும் போட்டேன்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ இன்னொன்றும் சொன்னாய். "இப்ப மேசன்மார் கேக்கிற சம்பளத்தைக் கேட்டால் தலை சுத்துது. கட்டடம் முடியேக்கை எனக்கு என்ன மிஞ்சும்?" என்றாய். உன் கவலை நியாயம். நான் சீமெந்து விலை தெரியாதவள் அல்ல. ஆனால் அவர்கள் கேட்கிற சம்பளம் இந்த இரண்டு மூன்று வருடத்துக் கொழுப்பு அல்ல மகனே. அரிசி விலை ஏறியது, பஸ் காசு ஏறியது, போனவர்கள் திரும்பி வரவில்லை. அது எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சம்பளம். இது இறங்கும் ஒரு காலமும் வரும். ஏறியதையும் இறங்கியதையும் இரண்டையும் நான் பார்த்துவிட்டேன். வேலை குறையும் நாளில் உன்னிடம் ஆறு பேர் இருந்தால், நல்ல இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புவது இலேசு. கணக்கும் சரியாக வரும். அப்போது அந்தப் பாலை மரத்தடியை யோசித்துப் பார். கலவை குழைக்க வருகிற பெண்களுக்குப் பாதிச் சம்பளம்தான் வழக்கம் என்று உனக்குச் சொல்வார்கள். வழக்கம்தான். அந்தப் பாதியில்தான் உன்னை வளர்த்தேன். அதைவிட அதிகமாக நான் சொல்லத் தேவையில்லை.

வேலையை விடச் சொன்னாயே, அதற்கும் மறுமொழி சொல்லிவிடுகிறேன். நீ கேட்டது பாசத்தில் என்று தெரியும். உடம்பு ஏலாமற்போனால் நானே நிறுத்துவேன், உன்னிடம் ஒளிக்கமாட்டேன், நாங்கள் இரண்டு பேரும் ஒளித்த இலட்சணம்தான் தெரியுமே. உயரமான சாரத்தை ரூபனுக்கு விட்டுவிட்டேன். ஆனால் கை பழகியதே இந்த வயதில்தான். காலையில் எழும்பும்போது இன்றைக்கு எந்தச் சுவர் என்று யோசிக்கிறேன். முன்னர் ஒருநாளும் அப்படி எழும்பியதில்லை. இதைத் தந்தது கெட்ட காலம்தான். அந்தக் காலத்துக்கு நான் நன்றி சொல்லமாட்டேன், அது பலருடைய வீட்டில் அடுப்பை அணைத்தது. அந்தக் காலத்துக்குள் என்னைக் கைவிடாத மனிதர்களுக்குத்தான் நன்றி சொல்கிறேன்.

மருமகளிடம் சொல், அவள் கேட்ட ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். அவள் தன் வேலையைக் கலியாணத்தோடு விடவில்லை என்பது எனக்குப் பெரிய சந்தோசம். அதையும் சொல்.

முடிக்கமுன் இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் குசினிக்குள் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று படலையில் வந்து நின்றது. தெரியாத குரல், முல்லைத்தீவுப் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும். முற்றத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, மேசன் வீடு இதுவோ?"

"ஓம், இதுதான்."

"ஆள் நிக்கிறாரோ?"

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நிக்கிறா," என்றார். "கதிரையிலை இருங்கோ, கூப்பிடுறன்."

அன்புடன்,
அம்மா